அப்பா ஓட்டாத டேங்க்

அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்றபடியே, "டேங்க் இருக்கானா?" என்று குரல் கொடுப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பீரங்கி வைத்த டேங்கை ஓட்டியதால்தான் அந்தப் பட்டப்பெயர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்பாவிடம் கேட்கவில்லை. வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

ஏனென்றால் நான் பார்த்த அப்பா குழாய் ரிப்பேர்காரர். பதினான்கு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை போட்டிருந்தார். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து வாஷர் கிடக்கும். அடைத்துக்கொண்ட கழிவறைக்குக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் போவார். திரும்பி வந்து, முழங்கை வரை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே என்னைத் தொடுவார்.

என் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக்கு அப்படி ஒருநாள் போய்வந்தார். மறுநாள் அவன் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக் காட்டினான். அன்றுதான் டேங்க் கதையை அவிழ்த்துவிட்டேன். எதிரியைத் துரத்தினார், குண்டு காதோரம் போனது என்று கை கால் வைத்து வளர்த்தேன். கதை டீச்சர் காதுக்கும் போக, அவர் அப்பாவை வகுப்புக்கே அழைத்துவிட்டார்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

"நீங்க டேங்க் ஓட்டினதைப் பத்தி பசங்களுக்குச் சொல்லுங்க சார்," என்றார் டீச்சர்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பெஞ்சைப் பார்த்தேன்.

"நான் பார்த்துக்கிட்டது தண்ணி டேங்கும்மா. முகாமுக்கு பைப் போடுறது, பம்ப் ஓட்டுறது, டேங்க் கழுவுறது, அதான் வேலை. துப்பாக்கி எல்லாம் பயிற்சியில சுட்டதோட சரி."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அப்பாவும் கூடச் சிரித்தார், என் முகத்தைப் பார்க்கும் வரை. வீட்டுக்குப் போகும்போது அவர் சைக்கிளில் ஏற மாட்டேன் என்றேன். அவரும் ஏறாமல் கூடவே தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை.

சிறுபிள்ளைத்தனம் என்று அதைத் தள்ளிவிடலாம். நாற்பத்தொரு வயதில் செய்ததை என்னவென்று சொல்வது?

போன மழைக்காலத்தில் அப்பா இறந்தார். தெருக்காரர்கள் சேர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என் ஆபீஸிலிருந்து மேனேஜரும் வந்திருந்தார். என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்த காகிதம் கையில் இருந்தது. அதில் கடை இருந்தது, சைக்கிள் இருந்தது. ஆனால் மேனேஜரைப் பார்த்ததும் வாய் தன் போக்கில் போனது. "என் அப்பா போர்முனையில் டேங்க் ஓட்டியவர்," என்றேன்.

அடுத்துப் பேச வந்தவர் அப்பாவின் பட்டாளத்து நண்பர். கைத்தடியை ஊன்றி மெதுவாக மேடை ஏறினார்.

"தம்பி துக்கத்துல மாத்திச் சொல்லிடுச்சு," என்றார், என்னைக் காப்பாற்றுகிற குரலில். "எங்க ஆளு தண்ணி டேங்க். ஒரு தடவை வால்வு உடைஞ்சு மூணு நாளா நானூறு பேருக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. இவன் இடுப்பளவு சேத்துல நின்னு மாத்தினான். குளிர்ல உதடு நீலமாயிடுச்சு. தண்ணி வந்ததும் எல்லாரும் டம்ளரோட ஓடினோம். இவன் முதல் டம்ளரைச் சமையல்காரன்கிட்ட நீட்டறான். ஏன்டான்னா, 'அவன் தெம்பா இருந்தாத்தானே நமக்குச் சோறு'ங்கறான்!"

மண்டபம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. பிறகு ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "நான் ஏம்மா அப்படிச் சொன்னேன்?" என்றேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ சின்னப் பிள்ளையா இருந்தப்போ உன் வகுப்புக்கு வந்தாரே, அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்கிட்ட கேட்டாரு. 'புள்ள முகம் செத்துப்போச்சு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோ?'ன்னு. பொய் உங்களுக்கு வராதுங்க, மாட்டிக்குவீங்கன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பட்டப்பேரு உன் காதுல விழ வேண்டாம்னு, கூட்டாளிங்க யாரையும் வீட்டுக்கு வர வேண்டாம்னுட்டாரு. கடையிலயே பார்த்துப்பாரு."

அவர்கள் வருவது நின்றதை நான் கவனித்திருக்கவே இல்லை.

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போனேன். "சார், எங்க அப்பா குழாய் ரிப்பேர் பண்ணவர். அன்னைக்கு நான் சொன்னது பொய்," என்றேன்.

"தெரியும். நானும் அங்கதானே உட்கார்ந்திருந்தேன்," என்று சொல்லிவிட்டு அவர் ஃபைலைத் திறந்தார்.

சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்துத்தான் போனேன். ஆகவில்லை. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.