முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்கள்

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்த வருஷம். பெங்களூரில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் நடந்தது இது. தெருவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இப்போதும் பெண்கள் இருக்கிறார்கள்.

நீலசந்திராவிலிருந்து கட்டிய புடவையோடு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தவள் நான். ஏன் போனேன் என்று விரித்துச் சொல்ல விருப்பமில்லை. இடது காது இன்னமும் சரியாகக் கேட்பதில்லை, அது போதும். அடிபட்டு வருகிற பெண்களையும் பிள்ளைகளையும் வைத்துக் காப்பாற்றுகிற வீடு. வாசலில் பலகை கிடையாது. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், கயிற்றில் தொங்கும் ஜாக்கெட்டுகள், பெஞ்சில் எந்நேரமும் இரண்டு மூன்று பெண்கள். தெருவில் யாரைக் கேட்டாலும் தையல் கடை என்பார்கள்.

அந்த அறைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பூப்போட்ட திரை. அந்தப் பக்கம் மெஷின் ஓடும். இந்தப் பக்கம் நாங்கள் காய் நறுக்குவோம், பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்போம், அழுவோம், பாத்ரூமுக்குச் சண்டை போடுவோம், திடீரென்று எதற்கோ சிரிப்போம். பெஞ்சில் இருந்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட. வேலை வெட்டி இல்லாமல் இங்கே வந்து கடலை கொறிக்கிறார்களே என்று.

ஒரு மத்தியானம், மெஷின் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் கேட்டது. என் கணவரின் குரல். அடுகோடி பஸ் ஸ்டாப்பில் யாரோ என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் தெரிந்ததெல்லாம், அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு துணிதான் இருக்கிறது என்பது. மகள் என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் மூச்சு சூடாக, வேகமாக என் மேல் பட்டது. திரையோரத்து இடைவெளியில் பார்த்தேன்.

"இங்க லேடீஸ தங்க வெக்கறாங்களாமே?"

மெஷினில் தைத்துக்கொண்டிருந்த தையல் அக்கா தலை நிமிரவில்லை. "இங்க ஜாக்கெட்டு தைக்கறோம்பா. அளவு ஜாக்கெட்டு கொண்டாந்தியா?"

"ஜாக்கெட்டுக்கு வரலக்கா. என் வூட்டுக்காரி இருக்காளான்னு பாக்க வந்தேன்."

"அப்ப அவங்களையே அனுப்புண்ணா," என்றாள் பெஞ்சில் இருந்த ஒருத்தி. "ஆம்பளைங்க சொல்ற அளவுக்குத் தைச்சா அது தலைகாணி உறையாத்தான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் கண் கயிற்றுக்குப் போய்விட்டது. அங்கே என் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பச்சை, சிவப்புக் கரை. ஃபால்ஸ் பிரிந்துவிட்டது என்று முதல் நாள்தான் அக்காவிடம் கொடுத்திருந்தேன். அவரே கடையில் நின்று எடுத்துக் கொடுத்த புடவை.

"இது யாருது?"

மெஷின் நின்றது.

"என்னுது. ஏன், உனுக்கு வோணுமா?"

பெஞ்சின் கோடியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுந்து வந்து கயிற்றிலிருந்து புடவையை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். கோபம் முழுவதும் தையல் அக்கா மேல். "தீபாவளிக்குக் குடுத்தது. சங்கராந்தி வரப் போவுது. ஒரு ஃபால்ஸு தைக்க உனுக்கு எத்தினி மாசம்டீ வோணும்? கொடு, நான் வேற எடத்துல பாத்துக்கறேன்."

"கோச்சுக்காதக்கா, ஸ்வல்ப வேலை ஜாஸ்தி..."

"போ போ. ஏம்பா, வழிய வுடு."

என் கணவரைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண்மணி வெளியே போனார். பச்சைப் புடவை தோளில் ஆட, தெருவோடு நடந்து, தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். என் கணவர் அது வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வண்டியை உதைத்து, வந்த வழியே போனார். மகள் அதற்குப் பிறகும் வெகுநேரம் என் இடுப்பை விடவில்லை.

மறுநாள் புடவையைக் கொடுக்க வந்தவரிடம் கேட்டேன், அது என்னுடையது என்று எப்படித் தெரியும் என்று.

"எனுக்கு எங்கம்மா தெரியும்? அவன் பாத்த பார்வை நல்லால்ல. அதான்."

பிறகுதான் தையல் அக்கா சொன்னார். பெஞ்சில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தைக்க ஒன்றுமே கிடையாது. கார்மெண்ட்ஸில் செகண்ட் ஷிப்ட் போகிறவர்கள், வீட்டு வேலை முடித்து வருகிறவர்கள், தங்களுக்குள் பேசி முறை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். முன்னறையில் ஒருத்தி தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் ஏற்பாடு. யார் ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே இருக்கும் எங்களிடம் யாரும் சொன்னதில்லை. கடன்பட்டது போல் நாங்கள் கூசிவிடுவோமாம்.

இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு ரூம் எடுத்து, நானும் மகளும் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு கம்பெனி லீவு. பஸ் பிடித்துப் போய் அந்தப் பெஞ்சில் உட்காருகிறேன். திரைக்குப் பின்னால் புதிதாக வந்த யாரோ ஒருத்தி, வேலையற்றவள் என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கலாம். திட்டட்டும். அவளைத் தேடி எவன் வந்தாலும், முதலில் என் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.