கல்லை ஓரமாக வைத்தவர்

சலவைக்குப் போட வேண்டிய உடுப்புகளை வாசலில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். இஸ்திரி வண்டிக்காரர் தெருமுனையிலிருந்து வேகமாக வந்தார். "சார், நம்ம கல்லுப்பொறுக்கி தவறிட்டாரு. ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சு போச்சாம்" என்றார். அதுவரை ஏழு உடுப்பு எண்ணியிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். எதற்காக எண்ணினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கே.கே. நகரில் எங்கள் தெருவுக்குப் பிற்பாடு குடிவந்தவர்கள் பலருக்கு அவருடைய பெயர் சௌந்தரபாண்டி என்பதே தெரியாது. குடியிருப்போர் சங்கத்தின் இந்தத் தாளில் அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது நான் தயங்கினேன். பூகோளம் கற்பித்தவன் நான். மனிதர்களைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை. அதோடு, அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு செய்தியைச் சொல்லலாமா கூடாதா என்ற குழப்பமும் இருந்தது. அந்தக் குழப்பம் எப்படித் தீர்ந்தது, அல்லது தீராமல் போனது, என்பதையும் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

பாண்டி எங்கள் ஊர்க்காரர். சோழவந்தானிலிருந்து மதுரைக்கு வெற்றிலை ஏற்றும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், நான் அப்போது குடியிருந்த பசுமலை வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க பூகோள வாத்தியார்ல? வளைகுடாவுல லாரி ஓட்டப் போறேன். எண்ணெய் எடுக்குற எடமாம். அது எங்கிட்டு இருக்குன்னு காட்டுங்க."

வரைபடப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். மதுரையில் ஒரு விரலையும் அந்தப் பாலைவனத்தில் ஒரு விரலையும் வைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுத் தூரந்தானா? சாண் அளவு கூட இல்ல. அப்புறம் ஏன் சார் என் வீட்டுக்காரி இந்த அழுகை அழுகுறா?"

பிறகு குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல ரோடு ஒண்ணையும் காணோமே" என்றார். இந்தப் படத்தில் சாலைகளைக் காட்டுவதில்லை என்று விளக்கினேன். அங்கே சாலையே இல்லை என்பது அவர் போய் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் விடுமுறையில் வந்தார். நிறைய இளைத்திருந்தார், நிறையப் பேசினார். "எண்ணெய் வயல்ல இருந்து வாரேன்னுதான் பேரு. எண்ணெய நான் கண்ணுல பாக்கல சார். நான் ஓட்டுறது தண்ணி லாரி. துளை போடுற எடத்துல இருக்குற ஆளுக குடிக்கணும்ல" என்று சிரித்தார். மணலில் சக்கரத் தடம்தான் பாதை. காற்றடித்தால் அதுவும் போய்விடும். அதனால் பாதை பிரியும் இடங்களில் சிவப்பு வண்ணம் பூசிய பழைய தகர டிரம்களை வைத்திருப்பார்கள். டிரம் இருக்கும் இடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அங்கே உள்ள வழிகாட்டி.

அந்த விடுமுறையில்தான், யாரோ ஒருவர் செய்த தவற்றைப் போல, ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். நம் பக்கத்து லாரிக்காரர்களின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். வண்டி பழுதாகி நின்றால், பின்னால் வருகிறவர் மோதிவிடாமல் இருக்கச் சில கற்களையும் மரக்கிளையையும் சாலையில் வைப்பார்கள். பழுது நீங்கியதும் வண்டி போய்விடும். கல் அங்கேயே கிடக்கும்.

"நம்மூருக்காரன் ஒருத்தன் சார். மேட்டத் தாண்டி எறக்கத்துல வண்டி நின்னு போச்சு. பின்னால வாரவனுக்குத் தெரியாது. வைக்கிறதுக்குக் கல்லும் இல்ல, கெளையும் இல்ல. பாத்தான், பாதை பிரியிற எடத்துல இருந்த டிரம்ம உருட்டிக்கிட்டு வந்து லாரிக்குப் பின்னால வச்சுட்டான். ஓட்டை விழுந்த ரப்பர் குழாயக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான். டிரம்ம மறந்துட்டான்."

"பிறகு?"

"யூசுப்புன்னு ஒரு பெஷாவர்க்காரரு. அந்தப் பாதைக்குப் புதுசு. சாப்பாட்டுச் சாமான் லாரி ஓட்டுனவரு. டிரம்மப் பாத்துத் திரும்பிட்டாரு. அங்கிட்டு ஒண்ணுமே கெடையாது சார், வெறும் மணலு. மூணாம் நாளு கண்டுபிடிச்சாங்க. லாரிக்கு அடியில நெழல்ல படுத்திருந்தாராம். நல்லா இருந்தாரு. ஊருக்கு அனுப்பிட்டாங்க."

அந்த நம்மூர்க்காரர் என்ன ஆனார் என்று கேட்டேன். "என்ன ஆவான்? லாரி ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். நானும் அதை வேடிக்கையான ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் பாலைவனம் பற்றிய பாடத்தில் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாண்டி அங்கிருந்து ஒரேயடியாகத் திரும்பினார். நான் ஓய்வு பெற்றுக் கட்டிய வீட்டுக்கு அடுத்த மனையில் வீடு கட்டினார். மறுபடி லாரி ஓட்டவில்லை. ஒரு மொபெட்டில் சோழவந்தானுக்குப் போய்த் தோட்டத்தைப் பார்த்து வருவார். அப்போது தொடங்கியதுதான் இந்தக் கல் எடுக்கும் வேலை. வழியில் எங்கே லாரிக் கல் கிடந்தாலும் இறங்கி, அதை ஓரத்துக்கு உருட்டிவிட்டுத்தான் நகர்வார். மண்ணில் புதைந்த கல்லைக் கிளப்ப மொபெட்டில் ஒரு சிறிய கடப்பாரை கட்டியிருந்தார்.

டீக்கடையில் கேலிக்குக் குறைவில்லை. "என்னண்ணே, காம்பவுண்டு சுவத்துக்குக் கல்லு பத்தலையா?" என்று ஒருவர் கேட்பார். "ஆமா மாப்ள. ஒன் மண்டைக்குள்ள ஒண்ணு கெடக்காம்ல, அத எடுக்கத்தான் வந்தேன்" என்று பாண்டி டீயை வாங்கிக்கொள்வார்.

ஒரு மத்தியான வெயிலில், எங்கள் தெருமுனையில் வியர்க்க வியர்க்க அவர் ஒரு பெரிய கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். குடையோடு போய், ஏன் இப்படிச் சிரமப்படுகிறீர்கள் என்று கேட்டேன். அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தார்.

"அந்த டிரம்ம வச்சது நாந்தான் சார்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. எந்த டிரம் என்று கேட்டேன்.

"யூசுப் பாய் கெடைக்கல. லாரி மட்டுந்தான் கெடச்சுச்சு. கதவு தொறந்து கெடந்துச்சு. தண்ணி தீந்ததும் எறங்கி நடந்துட்டாரு போல. காத்து தடத்தையெல்லாம் அழிச்சிருச்சு. பத்து நாள் தேடுனோம், நானும் தேடுனேன். டிரம்ம எடுத்தது நான்னு யார்ட்டயும் சொல்லல சார். காத்துல உருண்டிருக்கும்னு அவுகளே பேசிக்கிட்டாங்க. நான் வாயத் தொறக்கல."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாராவது ஒட்டகக்காரங்க கண்ணுல பட்டிருப்பாருல்ல? அப்படி நெறையப் பேரு பொழச்சிருக்காங்க. நீங்க படிச்சவுக, சொல்லுங்க. கெடச்சிருப்பாருல்ல?"

"கிடைத்திருப்பார், பாண்டி" என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? அந்தப் பாலைவனத்தின் பரப்பளவு தெரியும். மழையளவு தெரியும். அதை வைத்துப் பார்த்தால் வேறு பதில்தான் சொல்லியிருக்க வேண்டும். அது இரக்கமா, கோழைத்தனமா என்று அன்றிலிருந்து பலமுறை யோசித்துவிட்டேன். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. முதலில் சொன்னது பொய்யா, அல்லது அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்ததா, அதுவும் தெரியவில்லை.

அவர் இறந்த மறுநாள் அவருடைய மனைவி முத்துலட்சுமி அம்மாள் என்னிடம் கேட்டார். "சார், கடைசி ரெண்டு நாளும் 'டிரம்ம எடுத்த எடத்துல வச்சிட்டியா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. வச்சாச்சுன்னு நானும் சொன்னேன். என்ன டிரம்மு சார் அது?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், சோழவந்தானில் வைகையில் அஸ்தியைக் கரைத்துவிட்டு, அவருடைய மகன் செல்வத்தோடு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் நான்கு கற்களும் வாடிய வேப்பங்கிளையும் சாலையில் கிடந்தன. லாரி போய் நாளாகியிருக்க வேண்டும். ஓட்டுநர் லாவகமாக வளைத்துக் கொண்டுபோனார். வண்டியை நிறுத்தச் சொல்லி அதுவரை நான் யாரையும் கேட்டதில்லை. நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் அடுத்த நிறுத்தம் வரை பேசாமல் இருந்து நடந்து திரும்புகிறவன். அன்று நிறுத்தச் சொன்னேன். இறங்கிப்போய் முதல் கல்லைத் தூக்கினேன். கை சுட்டது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"என்ன சார், நீங்களுமா?" என்று செல்வம் ஓடி வந்து மற்ற மூன்றையும் எடுத்துப்போட்டார். வீட்டுக்கு வந்ததும் அதைத் தாயாரிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் என்னையே பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியும் சார்" என்றார்.

இருவரிடமும் சொன்னேன். இரண்டு விதமாகவும் சொன்னேன். முதலில் அவர் சொன்னதையும், பிறகு சொன்னதையும், நான் சொன்ன பதிலையும். அந்த அம்மாள் கோபப்படுவார் அல்லது அழுவார் என்று பயந்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"அந்த பாய்க்கும் ஒரு வீட்டுக்காரி இருந்திருப்பாள்ல சார்" என்றார். "அவ வாசலப் பாத்துக்கிட்டே கெடந்திருப்பா. இவரு வந்துட்டாரு."

இதை நான் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. கல்லுப்பொறுக்கின்னு சொன்னவுகளுக்குத் தெரியட்டும். அவரு செஞ்சதும் தெரியட்டும். அந்த பாய் பேர விட்றாதீங்க."

எனவே எழுதிவிட்டேன். பாண்டியை உயர்த்தினேனா, தாழ்த்திவிட்டேனா என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பாண்டியின் படத்துக்கு மாலையிட்டு விளக்கு ஏற்றியிருந்தார்கள். அதன் அருகில் இன்னொரு சிறிய விளக்கு, படமில்லாமல், எரிந்துகொண்டிருந்தது. யாருக்கு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் என் வாத்தியார் புத்தி விடவில்லை. தணிந்த குரலில் கேட்டேன்:

"ஒருவேளை அவர் உயிரோடு இருந்தால், அம்மா?"

முத்துலட்சுமி அம்மாள் குனிந்து திரியைத் தூண்டிவிட்டார். "இருந்தா நல்லா இருக்கட்டும்னு எரியட்டும் சார்."

பாண்டி, உங்கள் கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. அன்று தெரியாமல் சொன்னதற்காக மன்னியுங்கள். நீங்கள் இருபது பேருக்கும் முப்பது பேருக்கும் தண்ணீர் கொண்டுபோன அந்தப் பாதையில் இப்போது யார் ஓட்டுகிறார்களோ, அவர்களுக்கு டிரம் அதன் இடத்தில் இருக்கட்டும். சோழவந்தான் சாலையில் அந்த நான்கு கற்களும் ஓரத்தில்தான் கிடக்கின்றன. நேற்றும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.