மூன்றாம் அங்கத்துக் கல்யாணம்

அதிகம் மேடையேறாத ரஷ்ய ஓபராக்களின் முதல் சிறப்பு, அவற்றைப் பற்றி நாம் என்ன சொன்னாலும் மறுத்துப் பேச ஆள் கிடையாது என்பது. கள்ளக்குறிச்சியில் இந்தத் துறையில் நான் போட்டியின்றித் தேர்வானவன். தியாகதுருகம் வரைக்கும் விசாரித்துப் பார்த்துவிட்டேன். எதிர்த்து நிற்க யாரும் இல்லை.

ஓபரா என்றால் வசனமே இல்லாமல் முழுக்கப் பாடியே நடிக்கிற நாடகம். பிரபலமானவற்றை யார் வேண்டுமானாலும் புகழலாம், அதற்கு நான் எதற்கு? நான் சொல்வது, ஒரு தடவை மேடையேறி, பார்த்தவர்கள் கொட்டாவி விட்டு, பிறகு அலமாரிக்குள் போய்விட்ட ரகம். அவற்றில் கதாநாயகன் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற அடிக்குரலில் பாடுவான். படை கிளம்பும், நம்மூர் மினி பஸ் போலக் கிளம்பிக்கொண்டே இருக்கும். இசையமைத்தவர் பாதியில் இறந்திருப்பார். நண்பர்கள் கூடி முடித்து வைத்துவிட்டு, கெடுத்தது யார் என்று ஆயுள் முழுக்கச் சண்டை போட்டிருப்பார்கள். இதையெல்லாம் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அவசர வேலை இருக்கும், போகட்டும்.

கிண்டலை ஒதுக்கிவைத்துச் சொன்னால், இவற்றில் ஊர் ஜனம் பாடும். மற்ற ஓபராக்களில் காதலர் இருவர் முன்னால் நின்று பாட, ஊர் பின்னால் இடம் அடைத்துக்கொண்டு நிற்கும். இவற்றில் ஊருக்கே பசிக்கும், ஊரே கோபப்படும், ஊரே தப்பும் செய்யும்.

அப்படி ஒன்றின் மீது எனக்குத் தனிப் பிடிப்பு. பெயரைச் சொன்னால் நீங்கள் தேடிக் கேட்டுவிட்டு என்னைத் திட்டுவீர்கள், வேண்டாம். அதன் கடைசி அங்கத்தில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோக, ஊரை விட்டுப் போகும் ஜனங்கள் வெறும் குரலிலேயே நெடுநேரம் பாடுவதாகப் படித்திருந்தேன். கிடைக்கிற ஒலிப்பதிவுகளில் அது இல்லை. நீளம் என்று வெட்டிவிட்டார்கள். ரஷ்ய இசையிலேயே உயர்ந்த இடம் அதுதான் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். அதைக் கேட்டதே இல்லை என்பது ஒரு தடையாக எனக்குப் படவில்லை.

என் தங்கை மகன் ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறான். அவன் இருக்கும் ஊர் அரங்கில் அதே ஓபராவை, வெட்டில்லாமல், ஒரே ஒரு ஞாயிறு மதியம் போடப்போவதாக இணையத்தில் பார்த்தேன். பொங்கலிலிருந்து கெஞ்சி அவனைச் சம்மதிக்க வைத்தேன். நடந்தது மாசி மாதத்தில். தேதியும் என்னிடம் இருக்கிறது, கேட்பாரில்லாததால் விட்டுவிடுகிறேன்.

தங்கை குடும்பத்துக்கு சங்கராபுரத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் மரவள்ளிக் காடு. அங்கே சிக்னல் வருவது கல்வராயன் மலையின் மனநிலையைப் பொறுத்தது. அதனால் ஞாயிறுதோறும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து மகன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். அன்றும் வந்திருந்தாள்.

மாலை ஐந்துக்குப் போன் வந்தது. அங்கே மதியம் இரண்டரை. என் கணக்குப்படி ஓபரா முடிய இன்னும் ஒரு முழு அங்கம் இருந்தது. திரையில் பனி, குல்லாய், சிவந்த மூக்கு.

“முடிஞ்சிடுச்சி மாமா. சூப்பர்.”

“எப்பட்றா முடியும்? கடைசியா இன்னா நடந்துது?”

“கல்யாணம். தலைல கிரீடம் வெச்சி, மணியடிச்சி, எல்லாரும் ஆடினாங்க. ஸ்கிரீன் போட்டான், ஜனம் எழுந்து வெளிய போச்சி. நானும் வந்துட்டேன்.”

அவனைக் குறை சொல்ல முடியாது. தாலி ஏறினால் படம் முடிந்தது, செருப்பைத் தேட வேண்டும் என்று பழகி வளர்ந்த பிள்ளை. நான்காம் அங்கத்தில் உடைப்பதற்காகவே மூன்றாம் அங்கத்தில் ஒரு கல்யாணத்தை வைப்பார்கள் என்று அவனுக்கு யார் சொல்வது?

“உள்ள போறப்ப கழட்டிக் குடுத்த கோட்ட எல்லாரும் திருப்பி வாங்கினாங்களா மாப்ள?”

யோசித்தான். “இல்ல மாமா. நான் மட்டுந்தான். லைனே இல்ல, லக்குன்னு நெனச்சேன்.”

“அது இண்டர்வெல்லுடா! உள்ள போ!”

“பஸ்சு வந்துக்கினு இருக்குது மாமா.”

தங்கை போனைப் பிடுங்கினாள். “இன்னாண்ணா நீ, புள்ள பனில நிக்கிறான். சாப்ட்டியா கண்ணு?”

“இல்லம்மா.”

“பாரு! அதான் கல்யாணத்த பாத்துட்டான் இல்ல, அதுக்கு மேல இன்னா இருக்கப் போவுது?”

“அதுக்கு மேலதாம்மா கதையே.”

“கல்யாணத்துக்கு மேல இன்னா கதைன்னு எனுக்கு நீ சொல்லித் தர்றியா? கல்யாணமே பண்ணிக்காத ஆளு!”

என் இசை வாதங்கள் அத்துடன் தீர்ந்தன. திரைக்குள் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“மாப்ள, நான் அந்தப் பாட்ட கேட்டதே இல்லடா. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே வந்து சொல்லு.”

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அந்தக் கல்யாணப் பொண்ணு இன்னா ஆவா?”

“வூட்ட வுட்டுப் போறா. ஊரே போவுது.”

“புருஷன்காரன்?”

“அது புஸ்தகத்துல இல்ல.”

அவள் போனை முகத்துக்கு நேரே தூக்கினாள். “டேய், உள்ள போய் பாத்துட்டு வா. அவன் கூட போறானா இல்லையான்னு எனுக்குத் தெரியணும்.”

பஸ் அவன் இல்லாமல் போனது. கோட்டை மறுபடி வாங்கி வைத்த அம்மாள் என்ன சொன்னாள் என்பதை மொழிபெயர்க்க அவன் இன்றுவரை மறுக்கிறான். தங்கை தன் பஸ்ஸை விட்டுவிட்டு, நான் போட்ட டீயைக் குறை சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

விளக்குப் போடும் நேரத்துக்கு மறுபடி அழைத்தான்.

“மாமா, மியூசிக் நின்னுடுச்சி. கரண்ட் போச்சோன்னு பாத்தேன். சும்மா வாயாலயே பாடினாங்க. அந்தப் பொண்ணும் கூட்டத்தோட கூட்டமா.”

“எப்பட்றா இருந்துது?”

“நீளம் ஜாஸ்தி மாமா. கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கலாம்.”

உலகத்து ஒலிப்பதிவு நிறுவனங்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவது எனக்குத் தெரிந்தது.

“ரெண்டு வாட்டி எழுந்துக்கலாம்னு பாத்தேன்,” என்றான். “முடியல மாமா. யாருமே எழுந்துக்கல.”

“அவன் போனானாடா?” என்றாள் தங்கை.

“இல்லம்மா. அங்கியே நின்னுட்டான்.”

“நெனச்சேன்.”

கொஞ்சம் முனகிக் காட்டச் சொன்னேன். அவனுக்குச் சுருதி என்பது பிறவியிலேயே கிடையாது. பனியில், பஸ் நிறுத்தத்தில், பல் நடுங்க முனகினான். நாங்கள் இருவரும் அசையாமல் கேட்டோம்.

“இவ்ளோதான் மாமா ஞாபகம் இருக்குது.”

தங்கை அவனைச் சாப்பிடப் போகச் சொன்னாள். நான், இன்னொரு தடவை என்றேன்.