பிளாஸ்டிக் உறை பிரிக்காத பதினாறு மெத்தைகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். நல்ல பெயர்தான் என்று உள்ளூர மகிழ்ந்துகொள்வாள். நன்கொடை கொடுப்பவர்களுக்காக அறக்கட்டளைகளை நேரில் பார்த்து மதிப்பெண் போடுவது அந்த அலுவலகத்தின் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைச் செய்கிறாள். வீட்டிலும் அப்படித்தான். கணவர் மருந்துக்கடைக்குப் போய் வந்தால் மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பாள். "என்னையும் திருப்பிப் பாரு, எங்கயாவது தேதி போட்டிருக்கும்" என்பார் அவர். "உங்களுக்கு எப்பவோ முடிஞ்சு போச்சு" என்பாள் இவள், சிரிக்காமல்.

இந்தக் குணம் ஒன்பது வயதில் வந்தது. வெள்ளத்தில் வீடிழந்த குழந்தைகளுக்கு என்று கேட்டு வந்தவரிடம் தன் ஒரே கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அடுத்த வாரம் அவருடைய மகள் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். இரண்டாவது பொத்தான் வேறு நிறம், இவள் அம்மா தைத்தது. அன்றைக்குப் போன நம்பிக்கை பிறகு திரும்பி வரவில்லை.

அந்த வாரம் அவள் மேசைக்கு வந்தது, குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்குத் துணை நிற்கும் அறக்கட்டளையின் கோப்பு. மருத்துவமனைக்கு எதிரே, வெளியூரிலிருந்து வரும் தாய்மார்கள் தங்க ஒரு வீடு நடத்துகிறார்கள். பதினாறு படுக்கை. வருடம் முழுவதும், ஒரு நாள் விடாமல், பதினாறிலும் ஆள் என்றது கோப்பு. அங்கேயே அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. உலகத்தில் எந்த விடுதியில் ஒரு கட்டில்கூட ஒரு நாள்கூடக் காலியாக இருக்காது? அவள் போடும் மதிப்பெண் குறைந்தால் உதவி நின்றுபோகும், வீட்டை மூட வேண்டியதுதான். மூடட்டுமே என்றுதான் நினைத்தாள்.

வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் போட்டுவிட்டுப் புதன்கிழமை காலையிலேயே போய் நின்றாள். சொன்ன நாளில் போனால் கழுவித் துடைத்த முகத்தைத்தான் காட்டுவார்கள் என்பது அவள் கட்சி. வீட்டுக் காப்பாளர் முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர், கனத்த மனிதர். அவளைக் கண்டதும் தேநீர் சொல்லட்டுமா என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது அவர் குரல் கம்மியது. அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

கட்டில்கள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒருவரும் இல்லை. எல்லோரும் வார்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றார் காப்பாளர். அவள் முதல் கட்டிலில் உட்கார்ந்தாள். கரகரவென்று சத்தம். விரிப்பைத் தூக்கினால், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. வரிசையாகப் பதினாறையும் தூக்கிப் பார்த்தாள். பதினாறும் உறை பிரிக்காதவை. பதிவேட்டிலோ, நேற்றிரவு தங்கியதாகப் பதினாறு கையெழுத்து. நீலத்தில் எட்டு, கறுப்பில் எட்டு; எழுதிய கை ஒன்றே. கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவளுக்கு, மறைப்பானேன், நன்றாகவே இருந்தது.

விடுவாளா? கொல்லைப்பக்கமும் பார்த்துவிடலாம் என்று போனாள். அங்கே ஐந்து கொடிகளிலும் சின்னச் சின்னச் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. குளியலறை வாசலில் ஏழெட்டு வாளிகள் இடம்பிடித்து நின்றன. ஈரத்தலையோடு ஒருத்தி சட்டை பிழிந்துகொண்டிருந்தாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. பூதக்கண்ணாடி அவளிடம் நேரடியாகவே கேட்டாள், நேற்று ராத்திரி எங்கே தூங்கினாய் என்று.

"வார்டுலதான்க்கா, என் பையன் கட்டிலுக்குக் கீழ. முழிச்சா முதல்ல கையைத் தொங்கப் போட்டுத் தேடுவான். கைக்கு நான் தட்டுப்படணும்ல?"

அப்படியானால் இங்கே எதற்கு வருகிறாய் என்றாள் இவள். குளிக்க, துவைக்க என்றாள் அந்தப் பெண். பிறகு சட்டையை இன்னொரு முறை பிழிந்தாள்.

"அழறதுக்கும்தான். அங்க அழுதா அவன் பார்த்துடுவான். மூணு மாசமா இங்கதான்க்கா அழறேன். இதை மூடிடுவாங்களா?"

பூதக்கண்ணாடி விறுவிறுவென்று திரும்பினாள். உள்ளே வந்து காப்பாளரிடம், உள்ளதை உள்ளபடி எழுத என்ன கேடு என்று பாய்ந்தாள். அந்த மனிதர் இப்போது தேநீர் சொல்லவில்லை. மேசையிலிருந்த அவளுடைய அலுவலகப் படிவத்தை எடுத்து நான்காவது கேள்வியில் விரலை வைத்தார். நேற்றிரவு எத்தனை படுக்கைகளில் ஆள் தூங்கினார்கள்? பாதிக்குக் கீழ் இருந்தால் மேலே பார்க்க வேண்டியதில்லை, உதவி ரத்து. பதினொரு வருடத்துக்கு முன் அந்தக் கேள்வியை உட்கார்ந்து யோசித்து எழுதியவள் அவள்தான். ஏமாற்றவே முடியாத கேள்வி என்று பாராட்டும் வாங்கினாள்.

"குளிக்க வர்றாங்கன்னு எழுத இதுல இடம் எங்க மேடம்? கண் ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு அம்மா இதே மாதிரி வீடு நடத்துனாங்க. ரெண்டு படுக்கையிலதான் ஆளுன்னு உண்மையை எழுதுனாங்க. நீங்கதான் வந்து பார்த்தீங்க. ஒரே மாசத்துல மூடியாச்சு."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அங்கும் கொடி நிறையத் துணி காய்ந்தது. படிவத்தில் கொடிக்குக் கட்டம் இல்லாததால் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். தன் கையால் முழு மதிப்பெண் வாங்கிய வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றில் எத்தனை மெத்தைகளுக்கு உறை பிரித்திருப்பார்கள்? பொய் சொன்னவர்களைத் தேர்ச்சி பெறவைத்து, மெய் சொன்ன ஒருத்தியைத் தெருவில் விட்டிருக்கிறாள். சட்டையைத் திருடியவனாவது ஒரு சட்டையைத்தான் திருடினான்.

நான்காவது கேள்விக்கு எதிரே பூஜ்யம் என்று எழுதினாள். கையெழுத்துகள் போலி என்றும் எழுதினாள். அதை விடுகிற ஆள் இல்லை. பிறகு பக்கத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கம் முழுவதும் வாளிகளையும் கொடிகளையும் அந்தப் பெண் சொன்னதையும் எழுதி, இந்தக் கேள்வி தவறானது, எழுதியவள் நான், இதை வைத்து இந்த வீட்டை மூடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டாள்.

காப்பாளரிடம் அந்தக் கண் ஆஸ்பத்திரி அம்மாவின் தொலைபேசி எண் இருந்தது. அங்கேயே நின்று அழைத்தாள். தான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா கேட்டார்:

"வீடுதான் போயிடுச்சே. இன்னும் எதைம்மா சரிபார்க்கணும்?"

"நான் எழுதினதை" என்றாள் பூதக்கண்ணாடி.