நாற்பத்து மூன்றின் தாய்

பாலசுந்தரி ரீச்சரை எனக்கு முதலில் பிடிக்கவே பிடிக்காது. வகுப்பு முடிகிற நேரம் பார்த்துக் கையை உயர்த்துகிற இனம் அவர். நாங்கள் இருபத்திரண்டு பேரும் கொப்பியை மூடி, பேனையைச் செருகி, பாதி எழும்பியும் விட்டிருப்போம். அப்போது பின்வரிசையிலிருந்து, "சேர், ஒரு சின்னச் சந்தேகம்" என்று குரல் வரும். அந்தச் சின்னச் சந்தேகம் தீர அரை மணித்தியாலம் போகும். எனக்குப் பசித்தால் கோபம் வரும். ஆகவே சனிக்கிழமைதோறும் அவர்மீது எனக்குக் கோபம் வந்தது.

2005ஆம் ஆண்டு அது. ஆசிரியர்களுக்கான கல்வி முதுமாணி வகுப்பு நகரில், புளியந்தீவில் நடந்தது. சமாதான காலம் என்று பத்திரிகைகள் எழுதின. சோதனைச் சாவடிகளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அமிர்தகழியிலிருந்து கொஞ்சத் தூரம் சைக்கிள் மிதித்து வரும் நான் எப்போதும் பிந்தித்தான் வருவேன். ரீச்சரோ வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையையும் தாண்டிய ஊர்க்காரர். விடிய எழும்பிக் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சமைத்து வைத்து, மண்முனைத் துறைக்கு வந்து, வாவியைக் கடக்கும் மிதவையில் ஏறுவார். எங்கள் ஊர்களில் அந்த மிதவைக்குப் பெயர் 'பாதை'. இக்கரையில் இராணுவத்துக்குப் பையைத் திறந்து காட்டி, பஸ் பிடித்து வந்து, வகுப்பில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தில் களைப்பு என்ற ஒன்றை நான் கண்டதில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

வாவிக்கு மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்போம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வயல் வேலைக்குப் போவதால்தான் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை என்று நிறுவுவதே ரீச்சரின் ஆய்வு. செப்டெம்பருக்குள் அது ஏற்கப்படாவிட்டால் எங்கள் அணியோடு அவருக்குப் பட்டம் இல்லை. அடுத்த அணி எப்போது தொடங்கும், அப்போது பாதை ஓடுமா என்பதெல்லாம் எவருக்கும் தெரியாது. இரண்டு வருடச் சனிக்கிழமைகள் வாவியோடு போய்விடும்.

"எங்கட பக்கத்தில முதுமாணி முடிச்ச பொம்புள ஒருத்தரும் இல்ல கனகசூரியம் சேர்," என்று அவரே என்னிடம் சொன்னார். "எனக்கு ஆசையா இரிக்கு."

எங்கள் இருவருக்கும் மேற்பார்வையாளர் விரிவுரையாளர் நல்லரத்தினம். இணையத்தில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரக் கூடாது என்று ஆளுக்கு ஓர் அரைத்தாள் தந்திருந்தார். அதில் ஐந்து கேள்விகள். யார் எழுதியது, எப்போது, யாருக்காக, தகவல் எங்கிருந்து வந்தது, வேறு எவராவது தனியாகப் பார்த்து உறுதி செய்திருக்கிறாரா? நான் அதை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே வைத்தேன். ரீச்சர் தன் சீ.ஆர். என்ற தடித்த கொப்பியின் முன்னட்டையில் ஒட்டினார்.

வகுப்பு முடிந்ததும் மஜீட் நானாவின் இன்ரநெற் கபேக்குப் போவோம். ஐந்து கணினி, ஒரே தொலைபேசி இணைப்பு. ஒரு பக்கம் திறக்கிற நேரத்தில் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கலாம். கணினி தெரிந்தவன் என்ற பெயரில் நான் ரீச்சருக்கு உதவப் போனேன். உண்மையில், அவர் தேடிப் பிடிப்பதில் எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்ற நப்பாசைதான்.

முதல் கிழமை ரீச்சர் இருபது தாள் பிறிண்ட் எடுத்துக்கொண்டு போனார். அதில் ஒன்று படுவான்கரைப் பள்ளிக்கூடங்களைப் புள்ளியிட்டுக் காட்டிய வரைபடம். சோதனைச் சாவடியில் அதைக் கண்டவர்கள் அவரை இரண்டு மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு பிறிண்ட் இல்லை. திரையைப் பார்த்துக் கையால்தான் எழுதினார். எழுதினால் கவனமாக வாசிக்க முடிகிறது என்று அதிலும் ஒரு நன்மையைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார்.

மூன்றாவது கிழமை பொக்கிஷம் அகப்பட்டது. படுவான்கரையில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பிள்ளைகள் வயல் வேலையால் பள்ளிக்கு வருவதில்லையாம். ஒரு பக்கத்தில் அல்ல, ஐந்து பக்கங்களில் அப்படி இருந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கை, ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரை, எங்கோ ஒரு பல்கலைக்கழக மாணவியின் ஆய்வு, மாநாட்டுச் சுருக்கம், செய்திமடல். எல்லாம் ஆங்கிலம், எல்லாம் நாற்பத்து மூன்று. எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அன்றே என் ஆய்வுக் கட்டுரையிலும் அதை எழுதிக்கொண்டேன்.

"அஞ்சு சாட்சி ரீச்சர். மறுகா என்ன வேணும்?" என்றேன்.

"அஞ்சா, ஒண்டா எண்டு பாக்கணும் சேர்."

"அஞ்சு பேர் அஞ்சு இடத்தில இருந்து எழுதியிரிக்காங்க."

"அஞ்சும் ஒரே குடியா இருந்தா?"

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசினால், என்ன குடி என்பதுதான் முதல் கேள்வி. குடி தாய்வழியில் வருவது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே குடி என்றால், எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் அவர்கள் ஒரு தாய் பிள்ளைகள். சம்பந்தம் பேச முடியாது. அரைத்தாளின் ஐந்தாவது கேள்வியை ரீச்சர் அப்படித்தான் புரிந்து வைத்திருந்தார். ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதிய மற்றப் பக்கம் சாட்சி ஆகாது, அது தங்கச்சி. ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் தாய் யார் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

"எங்கட ஆக்கள்ளயும் குடி பாக்கிறதான் ரீச்சர்," என்றார் மஜீட் நானா. "ஆனா கொம்பியூட்டருக்குக் குடி பாக்கிற ஆள இப்பதான் காணுறன்."

விசாரணை மூன்று சனிக்கிழமை நடந்தது. பத்திரிகைக் கட்டுரையின் தாய் செய்திமடல். செய்திமடலின் தாய் மாநாட்டுச் சுருக்கம். மாணவியின் ஆய்வுக்கும் வெளிநாட்டு அறிக்கைக்கும் தாய் அதே மாநாட்டுச் சுருக்கம்தான். அதற்குத் தாய், 2003இல் ஒரு சிறு தொண்டு நிறுவனம் படுவான்கரையில் செய்த விரைவு ஆய்வு. அந்த அறிக்கையை இறக்க இரண்டு தரம் முயன்றோம். இரண்டு தரமும் மின்சாரம் போனது. மூன்றாம் தரம் முழுதாக வந்து சேர்ந்தது.

அறிக்கையின் கடைசியில் ஒரு பட்டியல். பதினான்கு பாடசாலைகளின் பெயர்கள். பதின்மூன்றுக்கு எதிரே, 'படிவம் கிடைக்கவில்லை'. ஒன்றுக்கு மட்டும் எண்கள் இருந்தன. சேர்வு 212, வரவு 121, திகதி 2003 ஜூன் 11, வராத காரணம் வயல் வேலை. உலகத்துக்கெல்லாம் போன நாற்பத்து மூன்று, ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் எண்ணியது.

ரீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்த சிரிப்பில் மஜீட் நானா எழும்பி வந்துவிட்டார். சிரிப்பு அடங்கியபோது ரீச்சரின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"சேர், இது எங்கட பள்ளிக்கூடம். இந்தப் படிவத்த நிரப்பினது நான்."

அன்று அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஜீப் ஒன்று வந்ததாம். அதிபர் இல்லை. ரீச்சர்தான் வரவு இடாப்பைப் பார்த்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அன்று பிள்ளைகள் வராததற்கு வயல் காரணமே இல்லை. ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலின் கதவு வருடத்தில் ஒரு கிழமைதான் திறக்கும், வைகாசியில், குளிர்த்திச் சடங்குக்கு. கதவு திறந்துவிட்டால் தாய்மாரும் பிள்ளைகளும் கோயிலோடுதான். படிவத்தில் 'கோயில்' என்று எழுதினால், ஏன் முன்கூட்டியே லீவுக்கு எழுதவில்லை என்று மேலிடத்திலிருந்து கடிதம் வரும். 'வயல் வேலை' என்று எழுதினால் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எந்தப் படிவம் வந்தாலும் காலங்காலமாக அப்படித்தான் எழுதி வந்தன. ரீச்சரும் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டார். இரண்டு வருடம் கழித்து, அதையே ஆதாரமாக வைத்து முதுமாணி ஆய்வு செய்ய வந்திருக்கிறார்.

"அஞ்சுக்கும் தாய் நான்தான் சேர்," என்றார்.

நான் எனக்குத் தெரிந்த நல்ல புத்தியைச் சொன்னேன். "ஒருத்தருக்கும் தெரியா ரீச்சர். அப்பிடியே விடுங்க. செப்டெம்பர் வருது."

"என்னெண்டு சேர் விடுறது? எங்கட தாய்மார் புள்ளைகள வயல் வட்டையில வேலைக்கு விடுற ஆக்கள் எண்டு உலகமெல்லாம் சொல்லி வச்சிரிக்கன். அவங்க எனக்கு என்ன செஞ்சாங்க?"

அடுத்த சனிக்கிழமை ரீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு நல்லரத்தினம் சேரிடம் போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப உங்கட ஆய்வு முழுக்கப் போயிட்டே ரீச்சர்."

"ஓம் சேர்."

"ஆறு கிழமை இரிக்கு. திரும்பச் செய்ய ஏலுமா?"

"ஏலும் சேர்."

பிறகு என்னைப் பார்த்து, என் கட்டுரையிலும் அந்த எண் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கவில்லை; அது தட்டச்சுக் கடைக்குப் போயிருந்தது, திரும்பப் போய் எடுக்க எனக்குப் பஞ்சியாகவும் இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஓகஸ்ட் விடுமுறை முழுவதும் ரீச்சர் கொப்பியும் கையுமாக அலைந்தார். தன் பள்ளிக்கூடத்தோடு பக்கத்தில் இன்னும் மூன்று. அவற்றின் இடாப்புகளை எடுத்து, பிள்ளைகள் வராத நாட்களைக் குறித்து, வீடு வீடாகப் போய்க் காரணம் கேட்டார். "என்ன ரீச்சர், லீவு விட்ட நேரத்தில பள்ளிக்கு வரல்ல எண்டு கேக்க வந்திரிக்கிறீங்க?" என்று தாய்மார் சிரித்தார்களாம். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கேள்வியைத் திரும்பக் கேட்டாராம். வெயிலில் கறுத்துப்போய் வகுப்புக்கு வந்தார். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைக் கண்டதில்லை.

செப்டெம்பரில் ஆய்வை எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் பரீட்சகராக வந்திருந்தார். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இணையத்தில் நானும் தேடிப் பார்த்தேன். ஐந்து இடத்தில் நாற்பத்து மூன்று என்று இருக்கிறது. நீங்கள் மட்டும், வயல் வேலையால் வராதவர்கள் நூற்றுக்கு ஆறு என்கிறீர்கள். நாங்கள் ஏன் உங்களை நம்ப வேண்டும்?"

ரீச்சர் கொப்பியை மேசையில் வைத்தார்.

"அந்த நாற்பத்தி மூண்டயும் நான்தான் சொன்னன் சேர். அண்டைக்குப் புள்ளைகள எண்ணினன், ஏன் வரல்ல எண்டு கேக்கல்ல. இந்த முறை கேட்டன்."

"கேட்டதில் என்ன தெரிந்தது?"

"கனக்கப் பேர் ஒரே பதிலத்தான் சொன்னாங்க. பாதை ஓடாத நாள், சாவடி பிந்தித் திறந்த நாள், டவுணில இருந்து வாற ரீச்சர்மார் வரல்ல. புள்ளைகள் வந்து இருந்து பாத்திட்டுத் திரும்பிப் போயிரிக்காங்க. இடாப்புக் கூப்பிட ஆளில்லாததால அவங்களுக்கு வரல்ல எண்டு விழுந்திரிக்கு. புள்ளைகள் வந்தவங்க சேர். நாங்கதான் வரல்ல."

அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் ஆசிரியர்கள். எங்களில் ஒன்பது பேர் பாதையேறிப் படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போகிறவர்கள். பரீட்சகர் கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். பிறகு, ஆய்வை ஏற்றுக்கொள்வதாக எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

ரீச்சர் நன்றி சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கிடைச்சிட்டு சேர்," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. என்னுடைய சொந்தத் தங்கச்சிக்குக் கிடைத்திருந்தாலும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். அந்தச் சந்தோஷத்தோடே எழும்பி நேரே தட்டச்சுக் கடைக்கு ஓடி, இன்னும் அங்கேயே கிடந்த என் கட்டுரையில் நாற்பத்து மூன்று இருந்த அந்த ஒரு பக்கத்தைக் கிழித்தேன். அதே பரீட்சகர் முன்னால் என் முறை அடுத்த சனிக்கிழமை.