இறக்கி வைக்காத மூட்டை

அறுபதுகளின் கடைசியில், கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மூட்டை அடுக்கின் மேல் ஏறும் பலகை ஒருநாள் வழுக்கியது. முதுகில் நெல் மூட்டையோடு விழுந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது குனிய முடியவில்லை, ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்கள். முதுகுவலியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வலியைச் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். ஆனால் விழுந்த மூட்டை என் முதுகிலிருந்து இறங்கவே இல்லை என்பதை யாரிடம் சொல்வது? சாக்கின் சொரசொரப்பு தோளை அறுக்கும். காய்ந்த நெல்லின் வாடை பிடரியிலேயே நிற்கும். வாசற்படியில் என்னை அறியாமல் ஒருக்களித்து நுழைவேன். முதலில் கவனித்தது என் மனைவிதான். பட்டப்பகல்.

"இன்னாயா இது, நீ நடந்த எடத்துலயே கோழிங்க பொறுக்கினு வருதுங்க?"

திரும்பிப் பார்த்தேன். தரையில் ஒரு மணி நெல் இல்லை. கோழிகள் மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

மூட்டை தூக்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையோடு விழுந்தவன் அதே மூட்டையைத் தன் முதுகால் இறக்கி வைக்க வேண்டும். அதுவரை வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். என் மூட்டையும் வேப்பிலை செருகி, குடோன் மூலையில் தனியாகக் கிடந்தது.

இதற்கிடையில் மில்மேல் நான் போட்ட நஷ்டஈட்டு வழக்கு மெட்ராஸில் தொழிலாளர் கமிஷனர் முன் வர இருந்தது. இனி உழைத்துச் சம்பாதிக்கும் சக்தி எனக்கு எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. பழைய வேலைக்கு லாயக்கில்லை என்றார் டாக்டர். மில் கணக்கரோ, யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று சிரித்தாராம். பழமொழி என்றால் எனக்கு உயிர். அது மட்டும் கசந்தது. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

விசாரணைக்கு முன்பே சுமையை இறக்கிவிட வேண்டுமென்று கூட்டாளிகள் பிடிவாதம் பிடித்தார்கள். ஒரு மத்தியானம், மிஷின் நின்றிருந்த நேரத்தில், என்னைக் குடோனுக்கு அழைத்துப் போனார்கள். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து மூட்டையை என் முதுகுக்கு மேலே கொண்டுவந்தார்கள். சாக்கு சட்டையில் பட்டதே தவிர, துளி பாரம் இல்லை. அப்படியே அடுக்கில் சாய்த்தோம். அந்தக் கணமே என் முதுகிலிருந்த மூட்டை போயிற்று. உடைந்த முதுகு மட்டும் உடைந்தபடியே இருந்தது.

நாங்கள் பார்க்காதது ஆபீஸ் ஜன்னலை. கணக்கர் அங்கே நின்றிருந்தார்.

விசாரணையில் அவர் சொன்னார்: "இவர் மூட்டை சுமந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்." பொய் என்று சொல்ல முடியாது. வழக்கத்தை விளக்கினேன். சிலர் சிரித்தார்கள். என் பக்கத்துச் சாட்சியாக, மூட்டையின் ஒரு மூலையைப் பிடித்த கூட்டாளி ஏறினார். பாரத்தை நீங்கள்தானே தாங்கினீர்கள் என்று கமிஷனர் கேட்டார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

கூட்டாளி தன் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றார்.

"இல்ல சார். என் கையில பாரமே இல்ல."

சம்பாதிக்கும் சக்தி பெரிதாகக் குறையவில்லை என்று முடிவாயிற்று. கைக்கு வந்தது கடன்காரருக்குக்கூடக் காணாது.

திரும்பும் ரயிலில் கூட்டாளியும் நானும் ஒன்றாக வந்தோம். மீஞ்சூர் தாண்டியதும், ஏனப்பா அப்படிச் சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"சத்தியம் பண்ணிட்டு இன்னா சொல்றது அண்ணா? மத்த மூணு பேரையும் கேட்டுப் பார்த்துட்டேன். அவங்க கையிலயும் பாரம் இல்லியாம். நீயும் தூக்கல. அப்ப தூக்கினது யாரு?"

மறுநாள் முதல் அவர் மில்லுக்குப் போகவில்லை.