கண்மாயில் நடந்த குதிரை

எங்கள் வீட்டுக் குதிரைக்கு வருஷத்தில் பத்து மாதம் காய்ச்சல். மீதி இரண்டு மாதம் வயிற்றுப்போக்கு. வெளியாட்களிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. பங்குனிப் பொங்கலுக்கு நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு எங்கள் குதிரை எப்படித் தயாராகிறது, தினம் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள மல்லாங்கிணறு முழுக்க ஒற்றர்கள் திரிவதாக அவர் நம்பினார். கடைத்தெருவில் யாராவது "குதிர எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "காச்சலுண்ணே, கொள்ளே திங்க மாட்டேங்குது" என்று சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று ஊர் நம்பியது. ஊருக்கு என்ன தெரியும்.

குதிரை வைத்திருந்த எல்லா வீட்டிலும் இதே கதைதான். ரெட்டியபட்டிப் பக்கமிருந்து வரும் வெள்ளைக் குதிரைக்கு ஒவ்வொரு மாசியிலும் கால் ஒடிந்துவிடும். பங்குனியில் அது நாலு காலோடு வந்து முதல் பரிசை வாங்கிக்கொண்டு போகும். மூன்று வருஷம் இப்படியே நடந்தது, மூன்று வருஷமும் எங்களுக்கு இரண்டாவது இடம். அப்பாவின் தீவனக் கடைக்கு வருகிறவர்களெல்லாம் "அடுத்த வருசம் பாத்துக்கலாம்ணே" என்று தேற்றிவிட்டுத் தவிடு வாங்கிப் போனார்கள். தோற்றதைவிட அந்த ஆறுதல்தான் அவரை அரித்தது.

நாலாவது வருஷம் அப்பா காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒரு அட்டவணை எழுதிக் கொட்டகையில் மாட்டினார். முதல் வாரம் தினமும் மூன்று மைல், அடுத்த வாரம் நாலு, இப்படியே ஏறிக் கடைசி வாரத்தில் எட்டு. ஓய்வு என்று ஒரு நாள்கூட அதில் இல்லை. குதிரையை ஓட்டுகிறவர் சித்தப்பா. அப்பாவுக்கு ஒரே தம்பி, கல்யாணம் ஆகாதவர், பேச்சும் குறைவு. பேசாதவர்களை நான் அப்போதே நம்புவதில்லை. விடியும்போது வண்டியைப் பூட்டிக்கொண்டு போவார், ஏழரைக்குத் திரும்புவார். கடைக்குக் கிளம்பும் முன் அப்பா வந்து குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். உள்ளங்கை நனைந்தால் அவருக்குத் திருப்தி. "வாய் பொய் சொல்லும், வேர்வ சொல்லாது" என்பார்.

எனக்கு முதல் சந்தேகம் ஷாம்பு பாக்கெட்டில் வந்தது. குளிக்கிற இடத்தில் அம்மா சரமாகத் தொங்கவிட்டிருந்தவற்றில் தினம் ஒன்று குறைந்தது. அம்மா என்னைத் திட்டினாள். நான் எடுக்கவில்லை. மீதி இருந்தது அப்பாவும் சித்தப்பாவும்தான். அப்பாவுக்குத் தலையில் முடி கிடையாது.

அடுத்த சந்தேகம் தார் ரோட்டில். காலையில் அந்த வழியாகத்தான் நான் டியூஷனுக்கு சைக்கிளில் போவேன். சித்தப்பா ஆறு மைல் ஓட்டியதாகச் சொன்ன நாட்களில் அந்த ரோட்டில் ஒரு உருண்டை லத்திகூடக் கிடக்கவில்லை. ஆறு மைல் ஓடிய குதிரை அவ்வளவு நாசூக்காகவா ஓடும்? மறுநாள் டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு வண்டித் தடத்தின் பின்னாலேயே போனேன்.

தடம் கண்மாய்க்குள் இறங்கியது. தண்ணீர் வற்றி நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. கருவேல மரங்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வண்டியை அவிழ்த்துப் போட்டிருந்தார். குதிரையைக் கயிற்றில் பிடித்தபடி மணலில் மெதுவாக நடத்திக்கொண்டிருந்தார், பிள்ளையை நடை பழக்குவதுபோல. பிறகு பள்ளத்துத் தண்ணீரில் முழங்கால் முங்க நிறுத்தினார். ரொம்ப நேரம் சும்மா நின்றது. மேலே கொண்டுவந்ததும் உட்கார்ந்து அதன் வலது முன்னங்காலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அந்த நேரம் மொபெட்டில் ஒருவன் வந்தான். அவனும் குனிந்து அதே காலை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான், ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனான். கடைசியாகச் சித்தப்பா இடுப்பிலிருந்து ஷாம்பு பாக்கெட்டை எடுத்து, தண்ணீரில் கலந்து, குதிரையின் கழுத்தில் நுரைக்க நுரைக்கத் தேய்த்தார். ஆறு மைல் வேர்வை தயார்.

எனக்குப் பயமும் ஆத்திரமும். ஆனால் உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒற்றனைப் பிடித்துவிட்டேன், அதுவும் வீட்டுக்குள்ளேயே.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடாமல் நடந்ததை, ஷாம்புவை, மொபெட்காரனை, வெள்ளை டப்பாவை. அப்பா தவிடு அள்ளிய கையை அப்படியே வைத்திருந்தார்.

"வேற என்ன பாத்த?"

"அம்புட்டுத்தான்ப்பா."

காலைப் பொத்திப் பிடித்ததை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று இல்லை. வெள்ளைக் குதிரைக்காரனுக்கு விலைபோன ஆள் எதற்குக் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார வேண்டும்? என் கணக்குக்கு அது ஒத்துவரவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் அப்பா தம்பியைச் சட்டையைப் பிடித்துக் கேட்டார்.

"ஏலே, எவன்ட்ட கை நீட்டுன?"

"அண்ணே, வலது முன்னங்கால்ல நரம்பு சூடா இருக்குண்ணே. ரெண்டு வாரமா. வந்தவரு மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரு. மணல்ல நடத்தி, தண்ணில நிறுத்தி, மருந்து தடவிக்கிட்டு இருந்தா பந்தயத்தன்னைக்கு ஓடிப்புடும். இப்ப தார் ரோட்டுல விட்டா காலே போயிரும்ணே."

"அத எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"ரெண்டு தடவ சொன்னேன். ஊருக்குச் சொல்ற காச்சக் கதன்னு நெனச்சு, 'நல்லாருக்குடா, இதையே எல்லாருட்டயும் சொல்லு'ன்னீக."

அப்பா ஒரு கணம் யோசித்தார். அவர் குனிந்து அந்தக் காலைத் தொட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக அவர் பார்த்தது என்னை. ஷாம்பு போட்டு ஏமாற்றியவன் காலைப் பற்றி மட்டும் உண்மை சொல்வானா என்று எனக்குத் தோன்றியது அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து அப்பாவே வண்டியில் ஏறினார். விட்டுப்போன மைல்களையும் சேர்த்துத் தினம் எட்டு, தார் ரோட்டில். நான் சைக்கிளில் பின்னால் போய்ப் பார்த்தேன். குதிரை பறந்தது. அடுத்த பதினைந்து நாளும் சித்தப்பாவைக் குதிரையின் பக்கத்தில் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. அதை ரொம்ப ஒழுங்காகச் செய்தேன்.

பந்தயத்தன்று அப்பாதான் ஓட்டினார். எல்லைவரை போய்க் கொடி வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். "மொதக் கொடி மல்லாங்கிணத்துக் குதிர!" என்று மைக்கில் சொன்னதும் நான் குதித்தேன். கொஞ்ச நேரத்தில் ரோட்டுக் கோடியில் புழுதி தெரிந்தது. வந்தது வெள்ளைக் குதிரை. அடுத்து ஒரு செவலை, அதற்குப் பின் ஒரு கறுப்பு. எங்களுடையதைக் காணோம்.

சித்தப்பா ஓட ஆரம்பித்தார். நானும் பின்னால் ஓடினேன். அரை மைல் தள்ளி ரோட்டோரத்தில் குதிரை மூன்று காலில் நின்றது. வலது முன்னங்கால் மண்ணில் படாமல் தொங்கியபடி நடுங்கியது. உடம்பெல்லாம் நிஜமான வேர்வை. அப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நல்லாத்தானடா ஓடுச்சு, நல்லாத்தானடா ஓடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சித்தப்பா மண்ணில் மண்டியிட்டு அந்தக் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். நல்ல நடிப்பு என்று நினைத்தேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன். வெள்ளை டப்பாவில் இருந்ததுதான் வேலையைக் காட்டிவிட்டது என்று அப்பாவிடம் சொல்லத் தக்க சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லோடு வண்டி பிடித்துக் கொண்டுவந்தார்கள். வழி நெடுகச் சித்தப்பா பின்னால் நின்று குதிரையைத் தாங்கிக்கொண்டு வந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நாளாவட்டத்தில் நடக்கும், இனி ஓடாது என்றார். அப்பா அட்டவணையைக் கிழித்து அடுப்பில் போட்டார். அவர் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அடுத்த வாரமே சித்தப்பா காரியாபட்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டப் போவதாகச் சொன்னார்.

கிளம்புகிற அன்று காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"கருவேலங் காட்டுக்குள்ள நீ நின்னத அன்னைக்கே பாத்தேன் பாப்பா. பாவாட தெரிஞ்சிச்சு."

நான் பல்லை விளக்கிக்கொண்டே இருந்தேன்.

"நீ பாக்கணும்னுதான் அம்புட்டு நேரம் அந்தக் காலப் புடிச்சிக்கிட்டு இருந்தேன். நான் சொன்னா அண்ணன் கேக்க மாட்டாக. நீ போயிச் சொன்னா, ஒருக்கா குனிஞ்சு தொட்டுப் பாப்பாகன்னு நெனச்சேன். சின்னப்புள்ள தலைல அத வச்சிருக்கக் கூடாது, என் தப்புதான்."

பழியை என்மேல் தள்ளப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, "பொய் சொல்றீக" என்றேன்.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரித்தா" என்றார். "போயிட்டு வாரேன்."

பஸ் வருகிறவரை அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் பார்க்கவில்லை என்று அதையும் குறித்து வைத்துக்கொண்டேன். என் வீட்டில் அந்த வருஷம் மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்பதும், நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவரைக் கேட்க வைத்தேன் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.